பார்சன்ஸும் படகின் விசிறியும்

நம் ஊர்த் தேர்த் திருவிழாவைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆயினும் தெருமுனை வந்ததும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடும் ஒருவருடைய கைத்திறன் இல்லையென்றால் தேர் திரும்பாது. ஆயிரம் பேரின் வலிமையும் அந்தச் சிறு மரத்துண்டின் வழியாகத்தான் பயன் தருகிறது. இயந்திரங்களின் உலகிலும் இதே நியதிதான். வலிமையை உண்டாக்குவது ஒரு கலை. உண்டாக்கிய வலிமையை வேலை செய்ய வேண்டிய இடத்தில் சேர்ப்பது வேறொரு கலை. முன்னதைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற ஒரு மேதை, பின்னதை அறியாமல் ஒரு படகின் முன்னே மாதக்கணக்கில் திகைத்து நின்றார். அவர்தாம் சர் சார்லஸ் பார்சன்ஸ்.

அவருடைய வரலாற்றை நான் படிக்க நேர்ந்ததற்கு என் தோல்வி ஒன்றே காரணம். சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் என் சோதனைக்கு வேண்டிய வெற்றிடம் கிட்டாமல் மூன்று மாதம் திண்டாடினேன். பம்பு சரியில்லை, புதிய பம்பு வேண்டும் என்று பேராசிரியரிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பார்சன்ஸின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னார். சினத்தோடு திறந்த நூலைச் சிந்தனையோடு மூடினேன். அந்த வரலாற்றை நம் சங்கத்து நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

தொலைநோக்கியின் நிழலில்

சார்லஸ் அல்ஜெர்னன் பார்சன்ஸ் 1854-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையார் ராஸ் பிரபு, அயர்லாந்தில் பர் என்னும் ஊரில் கோட்டையும் நிலபுலங்களும் உடையவர். பிரபுவாயினும் உலைக்களத்தில் கரிபடிந்த கையோடு நிற்பதை இழிவாகக் கருதாதவர். ஆறடி குறுக்களவுள்ள உலோக ஆடியைத் தம் இடத்திலேயே வார்த்து, மெருகேற்றி, 1845-ல் அவர் நிறுவிய தொலைநோக்கி அந்த நூற்றாண்டு முழுவதும் உலகிலேயே மிகப் பெரியதாக விளங்கியது. விண்ணில் சுருள் வடிவில் மேகம்போல் தோன்றும் பொருள்கள் உள்ளன என்பதை மனிதன் முதன்முதலில் கண்டது அதன் வழியாகத்தான்.

இத்தகைய வீட்டில் கடைசி மகனாகப் பிறந்த சார்லஸ் பள்ளிக்கூடம் சென்றதில்லை. தொலைநோக்கியில் பணிபுரிய வந்த வானியல் அறிஞர்களே அவருக்கு ஆசிரியர்கள். தந்தையின் பட்டறையே விளையாடுமிடம். 1867-ல், சார்லஸுக்குப் பதின்மூன்று வயதாகும்போது தந்தை மறைந்தார். இரண்டாண்டு கழித்து வேறொரு துன்பம் நேர்ந்தது. சகோதரர்கள் செய்திருந்த நீராவி வண்டியில் குடும்பத்தார் ஏறிச் சென்றபோது, உறவினரான மேரி வார்டு அம்மையார் ஒரு திருப்பத்தில் தூக்கியெறியப்பட்டுச் சக்கரத்தின் கீழ் விழுந்து உயிர் நீத்தார். நுண்ணோக்கி பற்றி நூல் எழுதிப் பெயர் பெற்ற பெண்மணி அவர். இயந்திரத்தின் இன்பத்தையும் அதன் கொடுமையையும் ஒருங்கே கண்ட சார்லஸுக்கு அப்போது வயது பதினைந்துதான்.

டப்ளினிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் கணிதம் பயின்ற அவர் 1877-ல் சிறப்பு வரிசையில் பதினோராவதாகத் தேறினார். பிரபு குலத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர்கள் அரசுப் பதவியையோ வழக்கறிஞர் தொழிலையோ நாடுவது அக்கால வழக்கம். இவரோ நியூகாசில் நகரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனியின் எல்ஸ்விக் தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்து தொழிலாளரோடு தொழிலாளராக நின்றார். கணிதம் தாளில் இருந்தால் போதாது, கைக்கும் வரவேண்டும் என்பது தந்தையின் பட்டறையில் அவர் கற்ற பாடம் அல்லவா?

நீராவியை வசப்படுத்தியவர்

அந்நாளில் நீராவி இயந்திரம் என்றால் உருளைக்குள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன்தான். அது ஒவ்வொரு முறையும் நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். காற்றாடியைக் காற்றுச் சுழற்றுவதுபோல் நீராவியைக் கொண்டு நேரே ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன? இந்த எண்ணம் பழையது. ஆனால் கொதிகலனிலிருந்து பீறிடும் நீராவியின் வேகம் மிகப் பெரிது. அந்த வேகத்தை ஒரே சக்கரத்தில் வாங்க வேண்டுமானால், சக்கரம் இரும்பு தாங்காத வேகத்தில் சுழல வேண்டும்.

பார்சன்ஸ் கண்ட வழி எளியது, ஆழமானது. உயரத்திலிருந்து குதிப்பவன் கால் முறியும். படிப்படியாக இறங்குபவன் நலமாகத் தரை சேர்வான். நீராவியின் அழுத்தத்தை ஒரே பாய்ச்சலில் இழக்கவிடாமல், வரிசை வரிசையாக அமைத்த பல சிறு தகடுகளின் வழியே படிப்படியாக இறங்கச் செய்தார். 1884-ல், கேட்ஸ்ஹெட்டில் கிளார்க் சாப்மன் கம்பெனியின் இளைய பங்காளியாக இருந்தபோது, அவர் செய்த முதல் டர்பைன் நிமிடத்திற்கு 18,000 சுற்றுச் சுழன்றது. அந்த வேகத்தைத் தாங்கும் மின்னாக்கியையும் அவரே வடிவமைத்தார். இன்று நிலக்கரியையோ அணுவையோ கொண்டு மின்சாரம் எடுக்கும் பெரும் நிலையங்களில் எல்லாம் சுழல்வது அந்தச் சிறு பொறியின் வழித்தோன்றலே.

ஆனால் பங்காளிகளோடு கருத்து ஒத்துவரவில்லை. 1889-ல் அவர் பிரிந்து வந்து ஹீட்டன் என்னுமிடத்தில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். பிரிந்து வந்தபோது காப்புரிமைகள் பழைய கம்பெனியிடமே தங்கிவிட்டன. தாம் கண்டுபிடித்ததைத் தாமே செய்யக்கூடாது என்ற நிலை! மனம் ஒடிந்து போகாமல், நீராவி அச்சின் வழியே ஓடுவதற்குப் பதிலாக ஆரத்தின் வழியே ஓடும் வேறொரு வகை டர்பைனை அமைத்துத் தொழிலை நடத்தினார். 1894-ல்தான் பழைய உரிமைகள் அவர் கைக்குத் திரும்பின.

ஓடாத படகு

நிலத்தில் வென்ற டர்பைனைக் கடலுக்கும் கொண்டு செல்ல வேண்டும் என்ற ஆவல் பார்சன்ஸுக்கு எழுந்தது. இரண்டடி நீளமுள்ள மாதிரிப் படகு ஒன்றைச் செய்து குளத்தில் இழுத்துப் பார்த்தார். பிறகு ஆறடி மாதிரி ஒன்றை, முறுக்கிய ரப்பர் கயிற்றின் விசையால் ஓடவிட்டு, எவ்வளவு வலிமை தேவைப்படும் என்று கணக்கிட்டார். பார்ப்பவர்கள் பிள்ளை விளையாட்டு என்று எண்ணியிருப்பார்கள். அந்தக் கணக்கின்மேல் எழுந்ததே டர்பீனியா. நூறடி நீளம், ஒன்பதடி அகலம், 44½ டன் எடை. ஊசிபோல் மெலிந்த உடல். 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அது டைன் ஆற்றில் இறங்கியது.

நவம்பரில் வெள்ளோட்டம் நடந்தது. டர்பைன் சுழன்றது, உந்துவிசிறியும் சுழன்றது. படகு மட்டும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை! விசிறியை மாற்றினார், மறுபடி மாற்றினார். எத்தனை மாற்றியும் மணிக்கு இருபது கடல் மைலைக்கூட எட்ட முடியவில்லை. பிஸ்டன் இயந்திரம் பூட்டிய போர்ப்படகுகள் அப்போதே இருபத்தேழு கடல் மைல் ஓடிக்கொண்டிருந்தன.

உந்துவிசிறியின் தன்மையைச் சற்றே சொல்ல வேண்டும். அது நீருக்குள் திருகும் ஒரு திருகாணி போன்றது. மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று முன்னேறுகிறது. விசிறிக்கும் அவ்வாறு ஒரு தூரம் உண்டு. அதைப் பிட்ச் என்பர். ஆனால் நீர் மரமன்று. அது விலகிக் கொடுக்கும். ஆகவே விசிறி கணக்கில் செல்ல வேண்டிய தூரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே படகு செல்லும். இந்தக் குறைவுக்கு நழுவல் என்று பெயர். நல்ல விசிறியில் அது சிறிதளவே இருக்கும். டர்பீனியாவின் முதல் விசிறியிலோ ஏறத்தாழப் பாதி நழுவிப் போயிற்று! சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரம்போல் விசிறி சுழன்றதே ஒழியப் படகை உந்தவில்லை.

இவ்விடத்தில்தான் பார்சன்ஸின் பெருமையைக் காண்கிறோம். டர்பைனைப் பழிப்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. அவர் டர்பைனைக் குறை சொல்லவும் இல்லை, அதற்காக வாதாடவும் இல்லை, அளந்தார். டர்பைனுக்கும் விசிறிக்கும் இடையே ஒரு சுருள்வில்லைப் பொருத்தி, அச்சு எவ்வளவு முறுக்கத்தைக் கடத்துகிறது என்று நேரே கணக்கெடுத்தார். இயந்திரம் தர வேண்டிய வலிமையைத் தந்துகொண்டுதான் இருக்கிறது, அது வீணாவது விசிறியில் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது.

சட்டியளவு கடல்

விசிறியில் ஏன் வீணாகிறது? மலைமேல் ஏறினால் காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஊட்டியில் சோறு வேகத் தாமதமாவது இதனால்தான். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் குளிர்ந்த நீரும் கொதிக்கும். வேகமாகச் சுழலும் விசிறியின் இதழுக்குப் பின்புறம் நீரின் அழுத்தம் மிகவும் குறைகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் கடல்நீர் அங்கேயே கொதித்து ஆவிக்குமிழிகளாகிவிடுகிறது. அதன்பின் இதழுக்கு நீரின் பிடிப்பு இல்லை. ஆவிப் பள்ளத்தில் சுழல்கிறது. இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயரிட்டவர் ஆர். ஈ. புரூட் என்னும் கப்பலியல் அறிஞர். டேரிங் என்ற போர்ப்படகிலும் இதே காலத்தில் இந்தத் தொல்லை தோன்ற, இதழ்களின் பரப்பைக் கூட்டி அதைத் தீர்த்திருந்தார்கள்.

கேள்விப்பட்டதோடு பார்சன்ஸ் நிறைவடையவில்லை. கண்ணால் காண விரும்பினார். 1895-ல் செம்பினால் ஒரு சிறு வளையத் தொட்டி செய்தார். அதற்குக் கண்ணாடிச் சாளரம் வைத்து, இரண்டு அங்குல விசிறி ஒன்றை உள்ளே சுழலவிட்டார். தொட்டிக்கு மேலுள்ள காற்றைப் பம்பினால் குறைத்துவிட்டால், சாதாரண அழுத்தத்தில் 12,000 சுற்றில் தோன்ற வேண்டிய குமிழி 1,500 சுற்றிலேயே தோன்றிவிடும். சுழலும் விசிறியைக் கண் எப்படிக் காணும்? அச்சோடு சேர்ந்து சுழலும் ஆடியொன்றால் மின்வில் விளக்கின் ஒளியை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கணத்தில் விழச் செய்தார். ஓடும் விசிறி அசையாமல் நிற்பதுபோல் தோன்றியது! இதழின்மேல் ஆவிப்பள்ளம் தோன்றுவதும் வளர்வதும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பெருங்கடலின் சிக்கலைச் சட்டியளவு நீரில் கட்டிவைத்துப் பார்த்துவிட்டார். இன்று கப்பல் விசிறிகளைச் சோதிக்கும் பெரிய நீர்ச்சுரங்கங்களுக்கு எல்லாம் இதுவே முன்னோடி.

நோய் தெரிந்தபின் மருந்து கடினமன்று. ஒரே விசிறியின் தலையில் முழுப் பாரத்தையும் சுமத்தியதே பிழை. படகின் உள்ளமைப்பை முழுவதும் மாற்றினார். ஒரு டர்பைனுக்குப் பதில் மூன்று. உயர்ந்த அழுத்தத்தில் ஒன்றிலும், இடைப்பட்ட அழுத்தத்தில் அடுத்ததிலும், தாழ்ந்த அழுத்தத்தில் மூன்றாவதிலும் அதே நீராவி வேலை செய்யும். ஒவ்வொரு டர்பைனுக்கும் ஓர் அச்சு. ஒவ்வோர் அச்சிலும் பதினெட்டு அங்குல விசிறிகள் மூன்று. ஆக ஒன்பது விசிறிகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1897 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் யூயிங் நேரில் வந்து அளந்தபோது படகு முப்பத்திரண்டு கடல் மைலைத் தாண்டியது. பின்னர் 34½ கடல் மைலையும் எட்டியது. அன்று உலகில் அதைவிட விரைவாக ஓடிய கலம் வேறில்லை.

ஸ்பிட்ஹெட்டில்

அதே 1897-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் விக்டோரியா மகாராணியின் வைரவிழா. ஸ்பிட்ஹெட் கடலில் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுத்து நின்றது. அந்தப் போர்க்கப்பல் வரிசைகளுக்கு இடையே, இளவரசரும் அயல்நாட்டுப் பிரமுகர்களும் பார்த்திருக்க, புகைபோக்கியில் தீ பறக்கப் பாய்ந்தது டர்பீனியா. தடுக்க வந்த காவல்படகுகளால் அதை நெருங்கவும் முடியவில்லை. எத்தனை அறிக்கை எழுதினாலும் இசையாதவர்களை அந்தச் சில நிமிடக் காட்சி இசைய வைத்தது. கடற்படை டர்பைன் படகுக்கு ஆணை கொடுத்தது.

இங்கேயே கதையை முடித்தால் இனிமையாக இருக்கும். உண்மை அவ்வளவு இனிமையானதன்று. டர்பைன் பொருத்திய வைப்பர், கோப்ரா என்ற இரு போர்ப்படகுகளும் 1901-ல் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. வைப்பர் ஆகஸ்டில் மூடுபனியில் பாறைமேல் மோதிற்று, உயிர்ச்சேதம் இல்லை. செப்டம்பர் 18-ஆம் நாள் வடகடலில் கோப்ரா இரண்டாக முறிந்து மூழ்கியது. இறந்தவர்கள் 67 பேர். டர்பீனியாவைச் செப்பனிட்டு ஓட்டிய பார்சன்ஸின் சொந்த ஆட்களும் அதில் மாண்டனர். முறிந்தது படகின் உடல்தான், டர்பைனில் பிழையில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதனால் மாண்டவர் மீள்வரோ? பதினைந்து வயதில் கண்ட துயரம் நாற்பத்தேழாம் வயதில் பன்மடங்காகத் திரும்பி வந்தது. அவர் வேலையை நிறுத்தவில்லை. தம் ஆட்கள் உயிரைக் கொடுத்த வேலையைப் பாதியில் விடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

அதே ஆண்டில் கிளைடு ஆற்றில் கிங் எட்வர்டு என்ற முதல் டர்பைன் பயணிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1906-ல் டிரெட்நாட் போர்க்கப்பல். 1907-ல் லூசிடேனியா, மாரிடேனியா என்னும் பெருங்கப்பல்கள். நூறடிப் படகில் தொடங்கிய முயற்சி பதின்மூன்றே ஆண்டில் அட்லாண்டிக்கைக் கடக்கும் மாளிகைகளை இயக்கியது.

விரைவும் நிதானமும்

ஆனால் பார்சன்ஸின் மனம் அமைதி கொள்ளவில்லை. டர்பைன் விரைந்து சுழன்றால்தான் நீராவியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். விசிறியோ நிதானமாகச் சுழன்றால்தான் நீரை நன்றாகப் பற்றும். இரண்டையும் ஒரே அச்சில் கட்டினால் இருவருக்கும் பொருந்தாத மணமாகிவிடும். ஒன்பது விசிறிகள் என்பது சமாதானமே தவிரத் தீர்வு அன்று. 1909-ல் அவருடைய கம்பெனி வெஸ்பேஷியன் என்ற பழைய சரக்குக் கப்பலை வாங்கி, டர்பைனுக்கும் விசிறிக்கும் இடையே பற்சக்கரங்களை அமைத்தது. டர்பைனின் வேகம் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைந்து விசிறிக்குச் சென்றது. நிலக்கரிச் செலவில் சுமார் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிச்சமாயிற்று.

பெருங்கப்பல்களின் வெண்கல விசிறிகள் சில மாதங்களிலேயே கரையான் அரித்ததுபோல் ஆவதன் காரணத்தையும் அவர் ஆராய்ந்தார். ஆவிக்குமிழி தோன்றுவதைவிட அது நொறுங்கி அடங்கும் கணமே கொடியது. குமிழி சுருங்கும்போது ஒரு புள்ளியில் உண்டாகும் அழுத்தத்தை 1917-ல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். குமிழியின் மோதல் உலோகத்தகட்டையே துளைக்கும் என்பதைப் பார்சன்ஸ் குக் என்பவரோடு சேர்ந்து சோதனையால் காட்டி 1919-ல் வெளியிட்டார்.

இன்று விரைவுப் படகின் பின்புறம் இயந்திரம் பூட்டுகிறவர்கள் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். இரண்டு மூன்று விசிறிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாட்டி, முழு வேகத்தில் ஓட்டிச் சுற்றுமானியைப் பார்க்கிறார்கள். இயந்திரம் தன் உரிய சுற்றை எட்டாமல் திணறினால் குறைந்த பிட்ச் உள்ள விசிறி; எல்லை மீறிச் சுழன்றால் கூடிய பிட்ச். ஓர் அங்குல பிட்ச் மாறினால் நிமிடத்திற்குச் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும். இயந்திரத்தை அளவுக்கு மேல் உயர்த்தி மாட்டினால் விசிறி மேற்பரப்புக் காற்றை இழுத்துப் பிடிப்பை இழக்கும். பார்வைக்குக் கேவிட்டேஷன்போல் தோன்றினாலும் இது வேறு நோய், இதற்கு மருந்தும் வேறு. நாகையிலோ தூத்துக்குடியிலோ ஃபைபர் படகில் கடலுக்குப் போகும் மீனவருக்கு இதில் எண்ணெய்ச் செலவே அடங்கியிருக்கிறது. பொருந்தாத விசிறி அவர் பணத்தைக் கடலிலே கரைத்துவிடும்.

இறுதி நாட்கள்

பார்சன்ஸ் அதிகம் பேசாதவர்; மேடைப் பேச்சில் வல்லவரல்லர். அவருடைய மனைவி காதரின் அம்மையாரும் மகள் ரேச்சலும் 1919-ல் பெண் பொறியியலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர்கள். ரேச்சலே அதன் முதல் தலைவர். ஒரே மகன் 1918 ஏப்ரலில் போர்க்களத்தில் மாண்டார். அந்தத் துயரையும் அவர் சுமந்தார். செயற்கை வைரம் செய்யப் பல்லாண்டு முயன்று, பெரும்பொருளைச் செலவிட்டு, முடிவில் தம்மால் இயலவில்லை என்பதைத் தாமே ஆராய்ச்சியாளர்களுக்கு வெளிப்படையாக அறிவித்தார். வென்றதை அறிவிக்கப் பலர் உண்டு. தோற்றதை அறிவிக்க எத்தனை பேர்?

1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் நின்ற டச்சஸ் ஆப் ரிச்மண்ட் என்ற கப்பலில் அவர் உயிர் நீத்தார். பற்சக்கரத்தோடு இணைந்த டர்பைன்களால் ஓடிய கப்பல் அது. அவருடைய டர்பீனியாவை நியூகாசில் நகரின் டிஸ்கவரி காட்சிசாலையில் இன்றும் காணலாம். ஒன்பது விசிறிகளின் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

நூலை முடித்த மறுநாள் நான் ஆய்வுக்கூடம் சென்று, குழாய் குழாயாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் அழுத்தத்தை அளந்தேன். மாலைக்குள் குற்றம் அகப்பட்டது. பம்பில் ஒரு பிழையும் இல்லை. ஓர் இணைப்பில் நானே கோணலாகப் பொருத்திய ரப்பர் வளையம் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதம் நான் பழித்த பம்பு அத்தனை நாளும் தன் கடமையைச் செய்துகொண்டேயிருந்திருக்கிறது. பேராசிரியர் இழுப்பறையைத் திறந்து என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதை என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, ஒரு முயற்சி ஓடவில்லையென்றால் இயந்திரத்தைத் தூக்கி எறிய நம் கை பரபரக்கும். எறிவதற்கு முன் அளந்து பாருங்கள். குற்றம் பெரும்பாலும் கடைசி விசிறியில்தான் இருக்கும்.